நீலமும் சிவப்பும்

அமெரிக்காவின் மியாமி, புரூக்ளின் முதலிய இடங்களில் குடியேறிய ஹெயிட்டி மக்கள் தம் இல்லங்களில் விரிக்கும் அழகுப் போர்வைகளில் நீலமும் சிவப்பும் இணைந்து விளங்கக் காணலாம். அவ்விரு வண்ணங்களின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

ஹெயிட்டி முன்னர் சான் தொமாங்கு என்னும் பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்தது. 1789இல் அங்கு ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாய் உழன்றனர். கரும்பும் காப்பியும் அவர்கள் விளைவித்தவையே. ஐரோப்பியரின் ஆடைக்கு நீலமேற்றிய அவுரியும் அவர்கள் விளைவித்ததே. ஆயினும் 1685ஆம் ஆண்டின் 'கறுப்பர் சட்டம்' அவர்கட்கு விதித்தது ஆண்டுக்கு இரண்டு முரட்டுத் துணி உடைகள்தாம். உடுக்கும் துணிக்கும் பிறர் அளவு குறிக்கும் வாழ்வு எத்தகையது என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

1791 ஆகஸ்டில் அம்மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1794இல் பிரான்சு அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் படையனுப்பி அதனை மீட்க முயன்றான். தலைவர் துசேன் லூவர்த்தூர் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு, 1803 ஏப்ரல் 7இல் பிரான்சின் மலைக்கோட்டைச் சிறையில் மாண்டார். அடுத்த திங்களே, மே 18இல், அர்க்காயே என்னும் ஊரில் படைத்தலைவர்கள் கூடினர். ஆங்கே தெசலின் பிரான்சின் மூவண்ணக் கொடியிலிருந்து வெள்ளையைக் கிழித்தெறிந்தார் என்றும், எஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் கத்தரீன் ஃபுலோன் என்னும் மங்கை இணைத்துத் தைத்தாள் என்றும் அம்மக்கள் வழிவழியாகக் கூறுவர். போர்வீரரின் பெயரோடு தையற்காரியின் பெயரையும் ஒரு நாடு போற்றிக் காத்தமை எமக்குப் பெரிதாகவே படுகின்றது.

1803 நவம்பர் 18இல் வெர்த்தியே களத்தில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 சனவரி முதல் நாள் விடுதலை முழங்கிற்று. தீவின் தொல்குடியினர் வழங்கிய, மலைநாடு எனப் பொருள்படும் பெயரையே புதிய நாட்டிற்குச் சூட்டினர். 1805ஆம் ஆண்டு அரசியற்சட்டம், நிறவேற்றுமை கருதாது குடிமக்கள் அனைவரையும் 'கறுப்பர்' என்றே அழைத்தது. அங்கேயே தங்கிக் குடிமக்களான போலந்து நாட்டவரும் செருமானியரும் அப்பெயர்க்குள் அடங்கினர்! இழிவுப் பெயரையே குடியுரிமைப் பெயராக்கிய துணிவு அது.

விடுதலையை ஏற்பதற்குப் பிரான்சு 1825இல் 15 கோடி பிராங்கு கேட்டது. 1838இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதற்கென வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை தீரவில்லை. அடிமைப்பட்டவரே ஆண்டைக்கு ஈடு கட்டிய கொடுமை இது.

கொடியும் அலைக்கழிந்தது. 1964இல் துவாலியே நீலத்தை நீக்கிக் கறுப்பை வைத்தார். அவர் மகன் 1986இல் நாட்டைவிட்டு ஓடியபின் நீலம் மீண்டது. மே 18ஐ ஹெயிட்டி மக்கள் எங்கிருப்பினும் கொடிநாளாகக் கொண்டாடுகின்றனர்.