தரை டிக்கெட்டும் வாக்குச் சீட்டும்

தமிழ்நாட்டில் சினிமாவுக்கும் அரசியலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர்களில் பலர், பார்வையாளனைப் படத்திலிருந்து ஊகித்துக்கொண்டவர்கள். கதாநாயகன் இன்னின்ன செய்தான், ஆகவே பார்த்தவன் இன்னின்னவாறு நம்பினான் என்று போகிறது தர்க்கம். இது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கத் தேனி வட்டாரம் பொருத்தமான இடம். 1984, 1989 தேர்தல்கள் அங்கே ஒன்றையொன்று மறுக்கும் சாட்சியங்களை விட்டுப்போயிருக்கின்றன.

கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் முக்கியமான ஒன்றைக் கவனித்தார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கலைநிகழ்ச்சி பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை. அங்கே யாருக்கு எந்த இடம் என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, கையிலிருந்த காசு தீர்மானித்தது. மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் 1939இல்தான் நடந்தது என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும். ஆனால் காசும் சாதியும் நம் கிராமங்களில் அவ்வளவு விலகி நிற்பவை அல்ல. 1895இல் முடிந்த பெரியாறு அணையின் தண்ணீரால் நஞ்சை கண்டவனும், அந்த நஞ்சையில் கூலிக்கு நாற்று நட்டவளும் டூரிங் டாக்கீஸில் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். அவன் நாற்காலியில், அவள் தரையில்.

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நோயுற்றார். நவம்பரில் நியூயார்க், புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். டிசம்பர் தேர்தலில் அவர் ஆண்டிபட்டி வேட்பாளர். தொகுதிப் பக்கம் வரவே இல்லை. அவர் உயிரோடிருப்பதைக் காட்டும் மருத்துவமனைக் காட்சிகள் வீடியோவில் ஊர்ஊராகக் காட்டப்பட்டன. அவர் வென்றார்; கட்சி 234 இடங்களில் 132ஐப் பிடித்தது. உடல் வராத இடத்தில் பிம்பம் நின்று ஜெயித்தது என்று சொல்லிவிடத் தோன்றும்.

எம்.எஸ்.எஸ். பாண்டியனின் நூல் (1992, தமிழில் ‘பிம்பச் சிறை’) அப்படி எளிதாகச் சொல்லவில்லை. ஏழைக்காகத் திரையில் சண்டையிட்டவரின் ஆட்சியில் வரிச்சுமை ஏழைகள்மேல் விழுந்தது, பலன் வசதியுள்ளவர்களுக்குப் போனது, இருந்தும் ஏழைகளே அவரைத் தாங்கினார்கள் என்ற முரணிலிருந்து அது தொடங்குகிறது. நாட்டார் கதைகளின் வீரர் மரபை அந்தப் பிம்பம் தனதாக்கிக்கொண்ட விதத்தைக் கூர்மையாகக் காட்டுகிறது. எனக்கு உறுத்துவது தலைப்பில் உள்ள உருவகம். சிறை என்றாலும் பொறி என்றாலும் உள்ளே இருப்பவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஆண்டிபட்டியின் மானாவாரிக் காட்டில் கூலிக்குப் போன தாய்க்கு, 1982இல் தொடங்கிய சத்துணவு, பிள்ளையின் தட்டில் விழுந்த சோறு. அவள் வாக்குக்குப் பின்னால் கணக்கும் இருந்தது. இந்திரா காந்தியின் படுகொலை நடந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. காங்கிரஸ் கூட்டணியும் இருந்தது.

எம்.ஜி.ஆர். மறைந்து, கட்சி பிளந்து, 1989 ஜனவரியில் தேர்தல் வந்தது. அதே ஆண்டிபட்டியில் அவர் மனைவி ஜானகி நின்று தோற்றார், தி.மு.க. வென்றது. பக்கத்துப் போடிநாயக்கனூரில் ஜெயலலிதா வென்றார். திருவையாற்றில் சிவாஜி கணேசனே தோற்றார். ஜானகி, ஜெயலலிதா இருவரும் எம்.ஜி.ஆருக்கு ஜோடியாக நடித்தவர்கள். ஜானகியின் ‘மருதநாட்டு இளவரசி’ 1950இல் வந்தது. ஜெயலலிதாவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965இல். எந்த முகத்தை எந்தத் தலைமுறை தரையில் உட்கார்ந்து பார்த்தது என்பதில் ஒரு விடை இருக்கலாம். 1983லிருந்து கொள்கை பரப்புச் செயலாளராக மேடைமேடையாக ஜெயலலிதா பேசியதில் ஒன்று. சிதறிய வாக்குகளில் மற்றொன்று. இவற்றில் எதையும் படச்சுருளை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியாது. பிம்பம் சிறையென்றால், நாலே வருஷத்தில் ஆண்டிபட்டிக்காரர்கள் அதன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது எப்படி?

ஆனந்த் பாண்டியன் செய்தது வேறு காரியம். கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி, குற்றப் பரம்பரைச் சட்டம் முத்திரை குத்திய பிரமலைக் கள்ளர்களிடையே விவசாயமும் ஒழுக்கமும் பற்றி விசாரித்து 2009இல் நூல் வெளியிட்டார். நல்லது கெட்டது பற்றிய அவர்கள் பேச்சில் பழமொழியோடு சினிமாவும் கலந்து வருகிறது. அங்கே சினிமா அவர்களை ஆட்டிவைக்கும் சக்தி அல்ல. தங்கள் வாழ்வை அளக்க அவர்கள் கையிலெடுக்கும் மரக்கால்களில் ஒன்று.

சிறுபத்திரிகைகள் வெகுஜன சினிமாவை ரசனைக் கேடு என்று ஒரு வரியில் தள்ளின. படங்களைப் பொறுத்தமட்டில் அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் சரி. ஆனால் அந்த ஒரு வரியில் படத்தோடு பார்த்தவர்களும் தள்ளப்பட்டார்கள். டூரிங் டாக்கீஸ்கள் போய்விட்டன. மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் இப்போது கேட்டு எழுதாவிட்டால் படங்கள் மட்டுமே மிஞ்சும். அடுத்து வரும் ஆராய்ச்சியாளனும் பார்வையாளனைப் படத்திலிருந்தே ஊகித்துக்கொள்வான்.