கீழடி அருங்காட்சியகம்

சிவகங்கை மாவட்டம் கொந்தகை ஊராட்சியில், செட்டிநாட்டுக் கட்டடப் பாணியில் எழுந்துள்ள தொல்லியல் அருங்காட்சியகம். 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. வைகைக் கரையிலுள்ள கீழடியில் 2015-இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கி, பின்னர் தமிழக அரசு தொடர்ந்த அகழாய்வின் பொருள்கள், கிடைத்த மண்ணுக்குப் பக்கத்திலேயே காட்சிக்கு வந்தது இதன் தனிப்பெருமை.

இங்கே கண்ணை நிறுத்துபவை பானை ஓடுகள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சில்லில் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் ‘ஆதன்’ என்று கீறியிருக்கிறது. அரசனின் கல்வெட்டு அன்று, வீட்டுப் பாண்டத்தில் எழுதிய பெயர்! தந்தப் பகடை, தக்களி, பாசிமணி என மற்றவையும் அன்றாட வாழ்வின் எச்சங்களே.

அவற்றைக் காப்பது எளிதன்று. புதைந்து கிடந்த ஓடு மண்ணின் உப்பை உறிஞ்சியிருக்கும். ஈரம் உலரும்போது அந்த உப்பு படிகமாகி மேற்பரப்பைச் செதில் செதிலாக உரித்துவிடும், எழுத்தும் அதோடு போய்விடும். ஆகவே உப்பேறிய ஓடுகளைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, உப்பை வெளியேற்றி, நிழலில் உலர்த்துவது பாதுகாப்பாளர்களின் வழக்கம். இரும்புக்கு ஈரமே பகை. தந்தமோ காற்று மிக வறண்டால் வெடிக்கும்.

எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற பதிவும் பொருளோடு காக்கப்பட வேண்டும். அது தொலைந்தால் காலக்கணிப்புக்கு ஆதாரமில்லை.