மூலையிலே ஒரு மேசை

1940, பிப்ரவரி 29. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து அம்பாசடர் ஓட்டலிலே ஆஸ்கார் பரிசளிப்பு விழா. 'கான் வித் தி விண்ட்' படத்தின் தயாரிப்பாளரும் நட்சத்திரங்களும் ஒரு மேசையைச் சுற்றி மகிழ்ந்திருக்கின்றனர். அதே படத்தில் நடித்த ஒருவர் மட்டும் அங்கே இல்லை. கூடத்தின் கோடியில், சுவரையொட்டிப் போடப்பட்ட சிறு மேசையில் அவர் அமர்ந்திருக்கிறார். ஹேட்டி மெக்டேனியல் அவர் பெயர். கறுப்பினப் பெண்மணி. கறுப்பரை விருந்தினராக ஏற்காத ஓட்டல் அது; தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் வேண்டிக் கேட்டதால் கதவு திறந்தது. உள்ளே வரலாம், உடன் உட்காரக் கூடாது!

சிறந்த துணை நடிகை யார்? பெரிய மேசையிலே இருந்த ஒலிவியா டி ஹேவிலண்டும் அதே பரிசுக்குப் போட்டியிட்டவர். அறிவிக்கப்பட்ட பெயரோ மூலை மேசைக்குரியது. ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஹேட்டி. பரிசை ஏற்றார், கண்ணீர் மல்க நன்றி கூறினார், மீண்டும் மூலைக்கே திரும்பினார்.

1893இல் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் பிறந்தவர் அவர். தாயும் தந்தையும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். தந்தை உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் நின்று போரிட்டவர். டென்வரிலே வளர்ந்த ஹேட்டி பாடினார், ஆடினார், பாட்டும் எழுதினார். 1929இல் பொருளாதாரம் சரிந்ததும் மேடை வாழ்வும் சரிந்தது. மில்வாக்கி நகரத்துக் கேளிக்கை விடுதி ஒன்றிலே கழிப்பறைப் பணிப்பெண்ணாக நின்றார். பிறகு அந்த விடுதியின் மேடையிலேயே பாட இடம் பிடித்தார்! 1931இல் ஹாலிவுட் வந்தார்.

அங்கே என்ன வேடம் கிடைத்தது? வேலைக்காரி. அடுத்த படத்தில்? வேலைக்காரி. அதற்கடுத்த படத்தில்? சமையற்காரி! படங்களோ பல, பெரும்பாலானவற்றில் அவர் பெயரைத் திரையில் காட்டவும் மனம் வரவில்லை. பரிசு பெற்றுத் தந்த வேடமும் 'மாம்மி' என்னும் அடிமைப் பெண்ணே. அட்லாண்டாவில் 1939 டிசம்பரில் முதற்காட்சி நடந்தபோது, இனப் பிரிவினைச் சட்டம் கோலோச்சிய அந்த ஊருக்கு அவர் செல்ல இயலவில்லை. அந்தக் கொண்டாட்டத்தின் விருந்திலே, அடிமைகளைப் போல் உடுத்திப் பாடிய தேவாலயப் பாடகர் குழுவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். மார்ட்டின் லூதர் கிங் என்பது அவன் பெயர்.

ஹேட்டியை எதிர்த்தவர்கள் வெள்ளையர் மட்டுமல்லர். கறுப்பர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் வால்டர் வைட், இத்தகைய வேடங்கள் கறுப்பரை இழிவுபடுத்துகின்றன என்று கண்டித்தார். அக்கண்டனம் பொய்யன்று. எசமானியின் நலத்தையே தன் நலமாகக் கருதி மகிழும் அடிமை! அப்படியொரு பொய்யை உலகம் நம்புமாறு உயிரூட்டியவர் அடிமைகளின் மகள். நடிப்பின் திறமே அங்கு நஞ்சாயிற்று. ஆனால் நண்பர்களே, வேறு வேடம் கொடுத்தும் அவர் மறுத்தாரா? துடைப்பத்தைத் தவிர வேறெதையும் நீட்டாத கைகளை அல்லவா முதலிலே பற்றிக் கேட்க வேண்டும்! வைட்டின் பக்கமும் நியாயம் உண்டு. எனினும் என் நெஞ்சு ஹேட்டியின் பக்கமே சாய்கிறது. 1947இல் 'பியூலா' வானொலித் தொடரின் நாயகியானார். அதுவும் வேலைக்காரி வேடந்தான். ஆனால் கொச்சை பேச மாட்டேன் என்று கூறியே ஏற்றார்.

திரையிலே பணிந்தவர், தெருவிலே பணியவில்லை. லாஸ் ஏஞ்சலசில் சுகர் ஹில் என்னும் வளமிக்க பகுதியில் வீடு வாங்கினார். வெள்ளையரல்லாதார் குடியிருக்கக் கூடாது என்று பத்திரங்களிலே எழுதி வைத்திருந்தனர் அப்பகுதியார். வெளியேற்றக் கோரி வழக்குத் தொடுத்தனர். ஹேட்டி அஞ்சவில்லை, நடிகையர் லூயிஸ் பீவர்ஸ், எதல் வாட்டர்ஸ் உள்ளிட்ட அண்டை வீட்டாரை ஒன்று திரட்டினார். வழக்கறிஞர் லோரன் மில்லர் வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க், அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் தரும் உரிமை கறுப்பருக்கும் முழுமையாக உண்டெனக் கூறி வழக்கைத் தள்ளினார். 1948இல், இத்தகைய கட்டுப்பாடுகளை நிறைவேற்றித் தர நீதிமன்றங்களுக்கு உரிமையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவ்வழக்குகளிலும் மில்லர் வாதிட்டவர்.

1952 அக்டோபர் 26இல் புற்றுநோய் ஹேட்டியின் உயிரைக் குடித்தது. ஹாலிவுட் இடுகாட்டிலே தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மறுத்தார்கள்! செத்த பிறகும் தோலைப் பார்த்தார்கள்! எல்லா இனத்தாரையும் ஏற்ற ரோஸ்டேல் இடுகாட்டிலே அவர் அடக்கம் செய்யப்பட்டார். துணை நடிகையருக்கு அந்நாளில் சிலை தருவதில்லை, பட்டயமே தந்தனர். அதை ஹோவர்டு பல்கலைக் கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். அது அங்கிருந்து காணாமற் போயிற்று. 2023இல் மாற்றுப் பட்டயம் வழங்கப்பட்டது.

1999இல் ஹாலிவுட் இடுகாட்டின் புதிய உரிமையாளர் அவரை அங்கே கொண்டுவர முன்வந்தார். உறவினர் இசையவில்லை. நினைவுக்கல் மட்டும் அங்கே எழுந்தது. ஹேட்டி இருப்பது ரோஸ்டேலில்.