வறுமை முதலில் வயலில்தான் குறைந்தது

1997 பெப்ரவரியில் டெங் சியாவோபிங் காலமானபோது நான் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அந்நிய முதலீட்டுக்குக் கதவைத் திறந்து சீனாவின் வறுமையைப் போக்கியவர் என்று அவரைப் பற்றி எழுதினேன். எவரும் பிழை கூறவில்லை. பின்னர் அந்நாட்டுக் கிராமங்களின் வரலாற்றை ஆறுதலாக வாசித்தபோதுதான், நான் எழுதியது அரைகுறை உண்மை என்பது புரிந்தது. காலந்தாழ்த்தியேனும் அதனைத் திருத்துவது என் கடமை.

அன்ஹுயி மாகாணத்தின் பெங்யாங் மாவட்டத்திலே சியாவோகாங் என்றொரு சிற்றூர் உண்டு. 1959 முதல் 1961 வரையான பெரும் பஞ்சத்தில் மிகக் கொடிய அழிவைக் கண்ட பகுதி அது. 1978ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூர் விவசாயிகள் 18 பேர் இரகசியமாகக் கூடி, கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொள்வதாக ஒப்பந்தம் எழுதிக் கைநாட்டு வைத்தனர். அரசுக்கும் கூட்டுக்கும் உரிய பங்கைச் செலுத்தியபின் எஞ்சுவது அவரவர்க்கு. தலைவர்கள் சிறை சென்றால் அவர்களுடைய பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டிருந்தது. அக்காலத்தில் அது அத்துணை ஆபத்தான காரியம்.

மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லி அவர்களைத் தண்டிக்கவில்லை, ஆதரித்தார். 1979இல் அரசு தானியக் கொள்வனவு விலையை 20 வீதம் உயர்த்தியது. நிர்ணய அளவுக்கு மேல் விற்பதற்கு மேலதிக விலையும் கிடைத்தது. 1984 அளவில் மக்கள் கம்யூன்கள் கலைக்கப்பட்டுவிட்டன. 1978இல் ஏறத்தாழ 305 மில்லியன் தொன்னாக இருந்த தானிய உற்பத்தி, 1984இல் 407 மில்லியன் தொன்னை எட்டியது.

உலக வங்கி ஆய்வாளர்களான மார்ட்டின் ரவாலியன், ஷாவோஹுவா சென் ஆகியோரின் கணிப்பின்படி, 1981இல் 53 வீதமாக இருந்த வறுமை 2001இல் 8 வீதமாகக் குறைந்தது. அக்குறைவில் ஏறத்தாழப் பாதி எண்பதுகளின் முற்பகுதியிலேயே நிகழ்ந்துவிட்டது. அந்நிய மூலதனம் வெள்ளமெனப் பாய்ந்ததோ 1992க்குப் பின்னர்தான்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலம் ஓரளவு சமமாகப் பகிரப்பட்டது. அதனை விற்கும் உரிமை வழங்கப்படவில்லை. ஆகவே வளர்ச்சி தொடங்கிய வேளையில் நிலமற்ற கூலிகள் பெருந்திரளாக இருக்கவில்லை. விலை உயர்வின் பயன் ஏழையின் வீட்டுக்கே நேராகச் சென்றது.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. கம்யூன்களோடு, அவற்றின் நிதியில் நடந்த கிராமிய மருத்துவக் கூட்டுறவும் பெரும்பாலான இடங்களிற் சரிந்தது. வயிறு நிறைந்த குடும்பம் ஒரு நோயினால் மீண்டும் கடனாளியாயிற்று. புதிய கிராமிய மருத்துவக் காப்புறுதித் திட்டம் 2003இலேயே ஆரம்பமாயிற்று. விவசாய வரி 2006இலேயே ஒழிந்தது.

சீர்திருத்தம் என்றவுடன் துறைமுகங்களையும் தொழிற்பேட்டைகளையும் மட்டுமே எண்ணுவது பத்திரிகையாளர்களாகிய எங்களின் பழக்கதோஷம். அன்றைய செய்தியை இன்று எழுதுவேனாயின் இவ்வாறு எழுதுவேன்: உழுதவனுக்கு விளைச்சலும் நியாய விலையும் கிடைத்ததால் சீனாவின் வறுமை குறையத் தொடங்கியது, டெங் அதனைத் தடுக்கவில்லை என்பதே அவருடைய பெருமை.