நிரல் எழுதும் நிரல்கள் - ஒரு வரலாற்றுப் பார்வை

ஒரு நிரல் இன்னொரு நிரலை எழுதுவதையும், தன்னைத்தானே ஆராய்ந்து மாற்றிக்கொள்வதையும் மெட்டாபுரோகிராமிங் என்கிறோம். இதை இரண்டு நேரங்களில் செய்யலாம்: நிரல் கம்பைல் ஆகும்போது, அல்லது அது ஓடும்போது. எது நல்லது என்ற விவாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு.

தொடக்கம்: லிஸ்ப்

1958இல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை உருவாக்கத் தொடங்கினார். இதில் நிரலும் தரவும் ஒரே வடிவில், அதாவது பட்டியலாக இருக்கும். மெக்கார்த்தி 'இவால்' என்ற ஃபங்ஷனைக் கோட்பாட்டுக்காகத் தாளில்தான் எழுதினார். அவருடன் பணியாற்றிய ஸ்டீவ் ரஸ்ஸல் அதை ஐ.பி.எம். 704 கணினியில் ஓட வைத்துவிட்டார்! ஒரு பட்டியலைக் கொடுத்தால், ஓடும்போதே அதை நிரலாக இயக்க முடிந்தது. 1963இல் டிமோதி ஹார்ட் மேக்ரோக்களை முன்வைத்தார். ஓடுவதற்கு முன்பே நிரலை விரித்து எழுதும் வழி இது. ஆக, இரண்டு பாதைகளும் ஒரே மொழியில் பிறந்தவை.

ஓடும்போது

1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே குழுவினர் உருவாக்கிய ஸ்மால்டாக், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் வகுப்புகளையே மாற்ற இடம் தந்தது. அந்த மரபில் வந்தது 1995இல் வெளியான ரூபி மொழி. ரூபியில் எழுதப்பட்ட ரெயில்ஸ் 2004இல் வெளிவந்தபோது பலரும் வியந்தார்கள். பெயரைக் கொண்டு ஒருவரைத் தேடும் மெத்தடை யாரும் எழுதவே வேண்டாம். அழைத்தவுடன் அது செயல்படும். ஆனால் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும், அந்த வரி ஓடும்வரை பிழை தெரியாது.

கம்பைல் ஆகும்போது

சி++ மொழியின் கதை வேடிக்கையானது. 1994இல் எர்வின் உன்ரு ஒரு நிரலைத் தரக்குழுவினரிடம் காட்டினார். அது கம்பைலே ஆகாது. ஆனால் கம்பைலர் தந்த பிழைச் செய்திகளில் பகா எண்கள் வரிசையாக வந்தன! டெம்ப்ளேட்டுகளைக் கொண்டு கம்பைலரையே கணக்குப் போட வைக்கலாம் என்பது தெரிந்தது. இதற்கும் விலை உண்டு: பக்கம் பக்கமாகப் பிழைச் செய்திகள், கம்பைல் ஆகக் காத்திருக்கும் நேரம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஜாவாவில் நடந்தது நல்ல பாடம். 2007இல் கூகுள் வெளியிட்ட கைஸ், நிரலின் பாகங்களை ஓடும்போது இணைத்தது. பின்னர் வந்த டேகர் 2 அதே வேலையைக் கம்பைல் நேரத்துக்கு மாற்றியது. ஒரு பாகம் விடுபட்டால் செயலி பயனரின் கைபேசியில் தொடங்கும்போது அல்ல, நிரலாளரின் மேசையிலேயே தெரிந்துவிடும். 2025இல் சி++26 வரைவில் சேர்க்கப்பட்ட ரிஃப்ளெக்‌ஷன் வசதியும் கம்பைல் நேரத்தில்தான் இயங்குகிறது.

வேகம் மட்டுமே இங்கே கேள்வி அல்ல. பிழை வந்தால் அதை முதலில் சந்திப்பவர் யார் என்பதுதான் முக்கியம். தேவையான விவரம் முன்பே தெரியுமானால் கம்பைலரிடம் விடுவதே நல்லது. பின்னால் யாரோ எழுதப்போகும் ப்ளக்-இன் போல, ஓடும்போதுதான் தெரியவரும் என்றால் ரன்டைம் வழியைத் தவிர்க்க முடியாது. உங்கள் நிரலில் எந்த விவரம் எப்போது தெரியவருகிறது? அதை முதலில் பாருங்கள்.