தொண்டைக்கு மருந்து அடித்த துப்பாக்கி

புனேயில் மழைக்காலம் முடிந்ததும் எங்கள் சொசைட்டியில் எல்லார் வீட்டு ஜன்னல் கிரில்லும் துருப்பிடித்துப் பல்லிளிக்கும். எங்கள் வீட்டில் இந்த முறை கிரில்லோடு இரண்டு கதவும் சேர்ந்துகொண்டது. ஆள் பிடித்தால் தீபாவளி வரை இழுப்பார்கள். நாமே அடித்துவிடலாம் என்று ஸ்பிரேயர் வாங்க உட்கார்ந்தேன். எச்.வி.எல்.பி., ஏர்லெஸ், கம்ப்ரசர் கன் என்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக் குழப்பினார்கள்.

குழம்பினால் நான் போன் போடும் இடம் கரூர். அப்பா அங்கே பஸ் பாடி கட்டும் பட்டறையில் 22 வருடம் ஸ்பிரே பெயின்டர். கரூரில் பாடி கட்டிய பஸ்கள் தமிழ்நாடு முழுக்க ஓடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் சிலவற்றின் பளபளப்பு அப்பா கைவண்ணம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா சொன்னது இதுதான்: "எந்த மெஷினு வேணும்னாலும் வாங்கு கண்ணு. மொதல்ல மூஞ்சிக்கு என்ன போடுவேன்னு சொல்லு."

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்தத் துப்பாக்கியின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் டொலிடோ என்று ஒரு ஊர். அங்கே ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர் தொண்டை நோயாளிகளைப் பார்த்துவந்தார். பஞ்சில் மருந்தை நனைத்துத் தொண்டைக்குள் தடவுவது நோயாளிக்கும் கஷ்டம், டாக்டருக்கும் கஷ்டம். ஒரு ரப்பர் பந்தை அழுத்தினால் மருந்து பனிபோலத் தொண்டைக்குள் போகும்படி ஒரு கருவி செய்தார். 1888-ல் அதற்காக ஒரு கம்பெனியும் தொடங்கினார். அவருடைய மகன் தாமஸ், அப்பாவின் யோசனையை எடுத்து மருந்துக்குப் பதில் பெயின்டை ஊற்றிப் பார்த்தார். 1907-ல் கையில் பிடிக்கிற ஸ்பிரே கன் வந்தது. முதலில் வாங்கியவர்கள் மேஜை நாற்காலி செய்யும் தொழிற்சாலைக்காரர்கள்.

அதே 1880களில் சிகாகோவில் இன்னொரு கதை நடந்தது. மார்ஷல் ஃபீல்ட் என்ற பெரிய கடையின் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவர் ஜோசப் பிங்க்ஸ். கடையின் நிலவறைச் சுவர்களுக்கு வெள்ளையடிக்க வேண்டும். நம் ஊரில் பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பைக் கரைத்து, நீலம் கலந்து, மட்டையால் அடிப்போமே, அந்த வேலைதான். ஆனால் சுவரோ மைல் கணக்கில். கையால் பம்ப் அடித்துச் சுண்ணாம்பைப் பீய்ச்சுகிற இயந்திரம் ஒன்றை அவர் செய்தார்.

1893-ல் அதே சிகாகோவில் உலகக் கண்காட்சி. மே 1-ம் தேதி திறப்பு. டேனியல் பர்ன்ஹாம் தலைமையில் எழுந்த அரண்மனை போன்ற கட்டடங்கள் அத்தனையும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. நாளோ நெருங்கிவிட்டது. வண்ணப் பொறுப்பாளர் ஃபிரான்சிஸ் மில்லெட் என்ற ஓவியர். பிரஷ் வைத்து அடித்தால் முடியாது என்று, அழுத்திய காற்றால் குழாய் வழியே பெயின்டைப் பீய்ச்ச வைத்தார். வேலை முடிந்தது, அந்த இடத்துக்கு 'வெள்ளை நகரம்' என்று பெயரும் வந்தது. பெருமையை மில்லெட்டுக்குக் கொடுப்பவர்களும் உண்டு, பிங்க்ஸுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. மில்லெட் 1912-ல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிப்போனார் என்பது உபரிச் செய்தி.

சரி, இது கரூர் பட்டறைக்கு எப்படி வந்தது? நடுவில் கார் இருக்கிறது.

1920களுக்கு முன்னால் காருக்குக் குதிரை வண்டிக்கு அடிப்பதுபோல வார்னிஷ்தான். ஒரு கோட் அடித்து, காய்ந்து, தேய்த்து, மறுபடி அடித்து என்று வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டின் மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டும் வந்ததற்கு வேகமும் விலையும் ஒரு காரணம். 1923-ல் டியூபான்ட் கம்பெனியின் 'டியூகோ' லேக்கர், ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் காரில் நீல நிறத்தில் இறங்கியது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. ஆனால் டியூகோவில் ஒரு சிக்கல். அது காய்கிற வேகத்துக்குப் பிரஷ் ஓட்டினால் கோடு கோடாக நின்றுவிடும். ஸ்பிரே கன் இருந்தால்தான் முடியும். பெயின்ட் கன்னைக் கொண்டுவந்தது, கன் பெயின்டை வாழவைத்தது. இன்றும் நம் நாட்டில் ஆசாரியிடம் போய் மர பீரோவுக்கு "டியூகோ அடிக்கணும்" என்றால் ஸ்பிரே என்று புரிந்துகொள்கிறார் அல்லவா, அந்தப் பெயர் இங்கிருந்து வந்ததுதான்.

எல்லாருக்கும் இது சந்தோஷமாக இல்லை. 1920களிலேயே அமெரிக்கப் பெயின்டர் சங்கங்கள் ஸ்பிரே கன்னை எதிர்த்தன. வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. இன்னொன்று மூச்சு. பிரஷ்ஷால் அடித்தால் ஈயமும் கரைப்பானும் டப்பாவிலும் சுவரிலும் இருக்கும். கன்னால் அடித்தால் அது காற்றில் மிதக்கும், அடிப்பவன் நுரையீரலுக்குப் போகும். சங்கத்தார் சொன்னது பிற்போக்குத்தனம் என்று அன்று பலருக்குத் தோன்றியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

அப்பா வேலை பார்த்த பட்டறையில் மாஸ்க் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார்கள். சாயங்காலம் முதலாளி ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் கொடுப்பார். நெஞ்சில் படிந்த பெயின்ட் எல்லாம் அதோடு இறங்கிவிடும் என்று நம்பிக்கை. வயிற்றுக்குப் போகிற வெல்லம் நுரையீரலை எப்படிக் கழுவும் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து துப்பினால் அன்றைக்கு எந்த பஸ்ஸுக்கு என்ன கலர் என்று எனக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதில் அது எனக்கு விளையாட்டு. அப்பாவுக்கு 50 வயதில் மாடிப்படி ஏற முடியாமல் போனபோதுதான் அது விளையாட்டில்லை என்று புரிந்தது.

தொண்டைக்கு மருந்து போடப் பிறந்த கருவி எத்தனை பேர் தொண்டையைக் கெடுத்திருக்கிறது பாருங்கள். கருவியின் மேல் குற்றமில்லை.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். இன்று கடையில் கிடைப்பவை மூன்று வகை.

கம்ப்ரசர் கன்: டிவில்பிஸ் மகனின் வாரிசு. ஃபினிஷிங் அருமை. ஆனால் அடிக்கிற பெயின்டில் பாதிக்கு மேல் காற்றோடு போகும். வீட்டுக்குள் வேண்டாம்.

ஏர்லெஸ்: 1950களின் இறுதியில் வந்தது. காற்றே கிடையாது, பெயின்டையே 2000, 3000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஊசித்துளை வழியே தள்ளும். நாசில் எண் 517 என்றால் முதல் இலக்கத்தை இரண்டால் பெருக்குங்கள், 10 அங்குல அகலம் அடிக்கும். 17 என்பது துளை, அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. காலியான புதுக் கட்டடத்துக்கு இதுதான் ராஜா. ஆனால் விரலை நாசில் முன்னால் வைத்துவிட்டால் பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் ஒரு முள் குத்தியதுபோல் இருக்கும். அதை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விரலே போகக்கூடிய காயம் அது.

எச்.வி.எல்.பி.: காற்று அதிகம், அழுத்தம் குறைவு. முனையில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. 1980களின் கடைசியில் தெற்குக் கலிபோர்னியாவில் காற்று மாசுக்கு எதிராக வந்த விதிகள் இதைப் பரப்பின. பெயின்டில் சுமார் 65 சதவீதமாவது பொருளில் ஒட்ட வேண்டும் என்பது அங்கே கணக்கு. கிரில், கதவு, நாற்காலிக்கு இது போதும். பெயின்டை நன்றாக வடிகட்டி, சரியான அளவு தின்னர் கலக்க வேண்டும். குடியிருக்கிற வீட்டின் சுவருக்கு ரோலரே மேல். மாஸ்கிங் டேப் ஒட்டுகிற நேரத்தில் ஒரு ரூம் அடித்து முடித்துவிடலாம்.

நான் வாங்கியது எச்.வி.எல்.பி. கூடவே கரி ஃபில்டர் வைத்த மாஸ்க். மெடிக்கல் ஷாப் மாஸ்க்கும் துணியும் தின்னர் ஆவியைத் தடுக்காது. ஹார்டனர் கலந்து அடிக்கும் இரட்டைக் கலவை பி.யு. பெயின்டை வீட்டில் தொடவே தொடாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். பழைய பெயின்டைச் சுரண்டும்போதும் கவனம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்ததே 2016-ல்தான். அதற்கு முன்னால் அடித்ததை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மொட்டை மாடியில் வைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. போட்டோ அனுப்பினேன். "ஓரத்துல வழிஞ்சிருக்குது. கன்னைக் கிட்டப் புடிச்சிட்ட" என்று அப்பாவிடமிருந்து பதில் :-)

டாக்டர் டிவில்பிஸ் கதையையும் சொன்னேன். சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. பிறகு, "அந்த மாஸ்க்கு இன்னும் ரெண்டு வாங்கு கண்ணு" என்றார். சித்தப்பா பையன் இப்போது கரூரில் ஒரு பட்டறையில் ஸ்பிரே அடிக்கிறான்.

வாங்கி அனுப்பிவிட்டேன். போட்டுக்கொள்கிறானா என்று பார்க்க அப்பா தினமும் சாயங்காலம் பட்டறை வாசல் வரை நடக்கிறாராம். பாதி வழியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து.