போர்க்கால வானூர்தித் திரைப்படங்களில் வானோடி மேலங்கிகள்

வானோடி மேலங்கி என்பது வானூர்தி ஓட்டுநர்களும் பிற வான்படை வீரர்களும் பறக்கும்போது குளிரிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள அணிந்த குட்டையான மேலாடை ஆகும். தோல், கம்பளி நீக்காத செம்மறியாட்டுத் தோல், நைலான் முதலியவற்றால் இது தைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஜாக்கெட் என்னும் சொல் பெரும்பாலும் ரவிக்கையையே குறிப்பதால், இவ்வகை ஆடை பேச்சு வழக்கில் ஜெர்கின் எனவும் தோல் கோட்டு எனவும் அழைக்கப்படுகிறது.

முதலாம், இரண்டாம் உலகப் போர்களையும் பின்னர் நிகழ்ந்த வான்போர்களையும் சித்தரிக்கும் திரைப்படங்களில் இம்மேலங்கி முதன்மையான ஆடையாக இடம்பெறுகிறது. எந்த நாட்டுப் படை, எந்த ஆண்டு, எந்தப் போர்க்களம் என்பவற்றை உரையாடல் இன்றியே இது பார்வையாளருக்கு உணர்த்துகிறது. எனவே ஓர் ஆடை பழையதாக இருப்பதைவிட, கதை நிகழும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்துவதாக இருப்பதே அதன் நம்பகத்தன்மைக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

தோற்றம்

தரையிலிருந்து உயரே செல்லச் செல்ல ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறைகிறது. ஏறத்தாழ 7,600 மீட்டர் (25,000 அடி) உயரத்தில் இது உறைநிலைக்குக் கீழே 34 பாகை அளவில் இருக்கும். முதலாம் உலகப் போர்க்கால வானூர்திகளில் ஓட்டுநர் இருக்கை திறந்த நிலையில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட பி-17 போன்ற பெரிய குண்டுவீச்சு வானூர்திகளிலும் அறைகள் காற்றழுத்தம் பேணப்படாதவை. பக்கவாட்டுத் துப்பாக்கி வீரர்கள் திறந்த சாளரங்களின் அருகில் நின்று போரிட்டனர். ஆகவே மேலங்கி அலங்காரப் பொருளாக அன்றி, உயிர்காக்கும் கருவிகளுள் ஒன்றாகவே தோன்றியது.

முதலாம் உலகப் போரில் பிரித்தானிய வானோடிகள் நீண்ட தோல் அங்கிகளை அணிந்தனர். 1917 ஆம் ஆண்டில் ஆத்திரேலியரான சிட்னி காட்டன் உடல் முழுவதையும் மூடும் பறப்பு உடை ஒன்றை உருவாக்கினார். அவருடைய பெயரின் பகுதிகளைக் கொண்டு அது சிட்காட் உடை என வழங்கப்பட்டது.

முதன்மை வகைகள்

ஏ-1: 1927 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையின் வான் பிரிவு ஏற்றுக்கொண்ட வகை. பொத்தான்களால் மூடப்படுவது. கழுத்து, மணிக்கட்டு, இடை ஆகிய இடங்களில் பின்னல் துணிப் பட்டிகள் உண்டு.

ஏ-2: 1931 ஆம் ஆண்டில் ஏ-1 வகைக்கு மாற்றாக வந்தது. பொத்தான்களுக்குப் பதிலாக ஜிப்பும், பின்னல் கழுத்துக்குப் பதிலாகத் தோல் கழுத்துப்பட்டியும் கொண்டது. பெரும்பாலும் குதிரைத் தோலால் தைக்கப்பட்டது. 1943 ஆம் ஆண்டில் இதற்கான புதிய கொள்முதல் கைவிடப்பட்டு, துணியாலான மேலங்கிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. எனினும் வீரர்கள் போர் முடியும்வரை இதனை விரும்பி அணிந்தனர்.

பி-3: 1930களில் அறிமுகமான அமெரிக்க வகை. கம்பளி உட்புறமாக அமையுமாறு செம்மறியாட்டுத் தோலால் தைக்கப்பட்டது. உயரத்தில் பறந்த குண்டுவீச்சு வானூர்திக் குழுவினர் அணிந்தனர்.

இர்வின் மேலங்கி: பிரித்தானிய வான்படையினர் அணிந்த செம்மறியாட்டுத் தோல் மேலங்கி. வான்குடை தயாரிப்பாளரான லெசுலி இர்வினின் பெயரைப் பெற்றது.

ஜி-1: ஐக்கிய அமெரிக்கக் கடற்படை வானோடிகளுக்கு உரியது. வெள்ளாட்டுத் தோலாலும் மென்மயிர்க் கழுத்துப்பட்டியாலும் இது ஏ-2 வகையிலிருந்து எளிதில் வேறுபடுத்தப்படும். இதன் முன்னோடி வகைகள் இரண்டாம் உலகப் போரில் பயன்பட்டன.

எம்ஏ-1: 1950களில் வந்த நைலான் மேலங்கி. தாரை வானூர்திகளின் குறுகிய அறைகளுக்கு ஏற்பத் தடிமன் குறைக்கப்பட்டது. பின்னர் இதன் உட்துணி செம்மஞ்சள் நிறத்தில் அமைக்கப்பட்டது; வீழ்ந்த வானோடி அதனைத் திருப்பி அணிந்தால் மீட்புக் குழுவினரின் கண்ணில் எளிதில் படுவார்.

மேலங்கி தரும் செய்திகள்

மேலங்கியின் மார்பில் வானோடியின் பெயர்ப்பட்டியும் அவர் சார்ந்த படையணியின் சின்னமும் தைக்கப்பட்டன. தோளில் பதவி நிலை குறிக்கப்பட்டது. ஏ-2 மேலங்கிகள் பலவற்றின் முதுகில் வானூர்தியின் பெயரும், நிறைவேற்றிய தாக்குதல்களின் எண்ணிக்கையைக் காட்டும் சிறு குண்டுகளின் படங்களும் தீட்டப்பட்டன. கழுத்துப்பட்டியின் உட்புறம் அமைந்த துணிச்சீட்டு, தைத்த நிறுவனத்தையும் ஒப்பந்த எண்ணையும் தெரிவித்தது. இன்று மூல ஆடைகளின் காலத்தை வரையறுக்க ஆய்வாளர்களுக்கு இச்சீட்டு பெரிதும் உதவுகிறது.

சீனா, பர்மா, இந்தியா ஆகிய போர்க்களங்களில் பறந்த வானோடிகள் சிலர் மேலங்கியின் முதுகிலோ உட்புறத்திலோ உதவி வேண்டும் துணிச்சீட்டு ஒன்றைத் தைத்திருந்தனர். இதை அணிந்திருப்பவர் நட்பு நாட்டு வானோடி என்றும், அவரைக் காப்பாற்றி ஒப்படைக்க வேண்டும் என்றும் உள்ளூர் மொழியில் அதில் எழுதப்பட்டிருந்தது. பறக்கும் புலிகள் எனப்பட்ட அமெரிக்கத் தன்னார்வ வானோடிகள் அணிந்த சீட்டில் சீனக் கொடி அச்சிடப்பட்டிருந்தது.

திரைப்படங்களில் பயன்பாடு

1927 ஆம் ஆண்டின் விங்சு என்னும் மௌனப் படம் முதலாம் உலகப் போர் வானோடிகளைப் பற்றியது. சிறந்த படத்துக்கான முதல் ஆசுக்கர் விருதைப் பெற்ற இதனை இயக்கிய வில்லியம் வெல்மன், அப்போரில் வானோடியாகப் பணியாற்றியவர். ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையின் ஒத்துழைப்புடன் இது படமாக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே பிளையிங் டைகர்சு (1942), ஏர் போர்சு (1943) முதலிய படங்கள் வெளிவந்தன. வில்லியம் வைலர் இயக்கிய மெம்பிசு பெல் (1944) என்னும் ஆவணப்படம் பி-17 குழுவினரை உண்மையான உடைகளில் வண்ணத்தில் பதிவு செய்தது. இதே வானூர்தியின் பெயரில் 1990 ஆம் ஆண்டில் ஒரு கதைப்படமும் வெளியானது.

போர் முடிந்த பின்னரான முதல் இருபது ஆண்டுகளில் படையினரின் பழைய ஆடைகள் பெருமளவில் கிடைத்தன. டுவெல்வ் ஓ'கிளாக் ஐ (1949), த வார் லவர் (1962), த கிரேட் எசுக்கேப் (1963) முதலிய படங்கள் இக்காலத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதில் நடிகர் இசுட்டீவ் மெக்குயின் ஏ-2 வகை மேலங்கியுடன் போர்க்கைதியாகத் தோன்றினார். பிற்காலப் படங்களுள் டன்கர்க் (2017) குறிப்பிடத்தக்கது. அதில் பிரித்தானிய வானோடியாக நடித்த டாம் ஆர்டி செம்மறியாட்டுத் தோல் மேலங்கி அணிந்திருந்தார்.

மூல ஆடையும் படியும்

போர்க்காலத்தில் தைக்கப்பட்ட மூல ஆடைகளை இன்று படப்பிடிப்பில் பயன்படுத்துவது அரிதாகி வருகிறது. இதற்குப் பின்வரும் காரணங்கள் உள்ளன.

முதலாவதாக, தோல் முதுமையடைகிறது. மரப்பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதப்படுத்தப்பட்ட பழந்தோல், காற்றிலுள்ள மாசுகளாலும் ஈரத்தாலும் சிதைந்து செந்நிறத் தூளாக உதிரக்கூடும். தையல் நூல் இற்றுப்போகிறது. கம்பளிப் பின்னல் பட்டிகளைப் பூச்சிகள் அரிக்கின்றன. இவ்வாறான ஆடையை அணிந்துகொண்டு ஓடுவதும் விழுவதும் அதனை அழித்துவிடும்.

இரண்டாவதாக, ஒரு கதைமாந்தருக்கு ஓர் ஆடை போதாது. சண்டைக் கலைஞருக்கு ஒன்று, நீரில் நனையும் காட்சிக்கு ஒன்று, குருதி படிந்த நிலைக்கு ஒன்று எனப் பல படிகள் தேவைப்படுகின்றன. காட்சித் தொடர்ச்சிக்காக அவை அனைத்தும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். ஒரே அளவிலும் ஒரே தேய்மானத்திலும் பல மூல ஆடைகளைத் திரட்டுவது இயலாத செயலாகும்.

மூன்றாவதாக, மூல ஆடை ஒவ்வொன்றும் ஒரு வரலாற்று ஆவணம் ஆகும். படக்கதைக்காக அதன் சின்னத்தைப் பிரித்துவிட்டு வேறொன்றைத் தைத்தால் அதன் சான்று மதிப்புக் கெடுகிறது.

இக்காரணங்களால் ஆடை வடிவமைப்பாளர்கள் மூல ஆடையை மாதிரியாக வைத்துப் புதிய படிகளைத் தைக்கின்றனர். ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, சப்பான் ஆகிய நாடுகளில் இதற்கெனவே தையல் நிறுவனங்கள் உள்ளன. தைத்த பின்னர் முழங்கை, பை விளிம்பு, மணிக்கட்டு போன்ற இடங்கள் உப்புத்தாளாலும் கம்பித் தூரிகையாலும் தேய்க்கப்படுகின்றன. சாயம் ஆங்காங்கே நீக்கப்பட்டு, எண்ணெயும் தூசியும் பூசப்படுகின்றன. 1943 ஆம் ஆண்டில் நிகழும் கதையில் வானோடியின் மேலங்கி ஓரிரு ஆண்டுப் பழமையைக் காட்டினால் போதும். எண்பது ஆண்டுப் பழமையுடன் வெடித்துச் சுருங்கிய மூல ஆடை, உண்மையானதாக இருந்தும் அக்காட்சியில் பொய்யாகவே தோன்றும்.

படியின் தோற்றத்தைத் தீர்மானிப்பதில் தோலைப் பதப்படுத்தும் முறைக்குப் பெரும் பங்கு உண்டு. குரோமிய உப்பால் பதப்படுத்திய தோல் மென்மையாகத் தொங்கும். தாவர முறையில் பதப்படுத்தியது விறைப்பாக இருந்து, அணிபவரின் உடலுக்கேற்ப மடிப்புகளைப் பெறும். தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையைக் கொண்டு ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் பதப்படுத்தும் முறை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. இத்தோல்கள் கிழக்கிந்தியத் தோல் என்னும் வணிகப் பெயரில் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாயின. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகியன இத்தொழிலின் மையங்கள். 1948 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாற்றில் உள்ளது.

வெப்பமண்டலப் போர்க்களம்

தோல் மேலங்கி எல்லாப் போர்க்களங்களுக்கும் உரியதன்று. பர்மாப் போர்முனையில் இந்திய வான்படையின் 7 ஆம், 8 ஆம் படையணிகள் வெஞ்சன்சு வகைக் குண்டுவீச்சு வானூர்திகளைச் செலுத்தின. 1944 இல் இம்பால் சமரில் அர்சன் சிங் தலைமையிலான 1 ஆம் படையணி அரிக்கேன் வானூர்திகளுடன் போரிட்டது. காட்டின் மீது தாழப் பறந்த இவ்வானோடிகளுக்குக் காக்கி அல்லது பச்சை நிறப் பருத்தி உடையே ஏற்றதாக இருந்தது. பர்மாவை நிகழ்களமாகக் கொண்ட கதையில் செம்மறியாட்டுத் தோல் மேலங்கி இடம்பெறுமாயின் அது பிழையாகவே கருதப்படும்.

நடிகர் கிரெகரி பெக் நடித்த இரு படங்கள் இவ்வேறுபாட்டை விளக்குகின்றன. டுவெல்வ் ஓ'கிளாக் ஐ படத்தின் கதை குளிர் மிகுந்த இங்கிலாந்துத் தளம் ஒன்றில் நிகழ்கிறது. த பர்ப்பிள் பிளெயின் (1954) படத்தில் அவர் 1945 ஆம் ஆண்டுப் பர்மாவில் பணியாற்றும் பிரித்தானிய வான்படை வானோடியாக நடித்தார். இப்படம் இலங்கையில் படமாக்கப்பட்டது. முன்னதில் தோல் மேலங்கிகளும் பின்னதில் வெப்பமண்டலத்துக்குரிய மெல்லிய உடைகளும் காணப்படுகின்றன. போர் ஒன்றே, களம் வேறானதால் உடையும் வேறாயிற்று.

தமிழ்த் திரைப்படங்களில்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய இந்திய அரசு போர் முயற்சிக்கு ஆதரவான படங்களைத் தயாரிக்குமாறு திரைப்பட நிறுவனங்களை வலியுறுத்தியது. இவ்வகையில் தமிழில் வெளிவந்தவற்றுள் கே. சுப்பிரமணியத்தின் மானசம்ரட்சணம் (1945), செமினி நிறுவனத்தின் கண்ணம்மா என் காதலி (1945), சேலம் மாடர்ன் தியேட்டர்சு நிறுவனத்தின் பர்மா ராணி (1945) ஆகியன அடங்கும்.

இவற்றுள் பர்மா ராணி வான்போருடன் நேரடித் தொடர்புடையது. டி. ஆர். சுந்தரம் இயக்கிய இப்படத்தில் கே. எல். வி. வசந்தா, ஒன்னப்ப பாகவதர் முதலியோர் நடித்தனர். சப்பானியர் வசமிருந்த பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய வான்படை வீரர்களைப் பற்றியது இதன் கதை. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே உருவானமையால், இதனைப் பார்த்த மக்களுக்கு வானோடியின் உடை வரலாற்றுப் பொருளாக அன்றி, நாள்தோறும் செய்தித்தாளில் காணும் காட்சியாகவே இருந்தது.

நீண்ட இடைவெளிக்குப் பின்னர், மணிரத்னம் இயக்கிய காற்று வெளியிடை (2017) வான்படை வானோடியைத் தலைமைக் கதைமாந்தராகக் கொண்டு வெளிவந்தது. கார்த்தி இதில் வருண் சக்கரபாணி என்னும் போர் வானோடியாக நடித்தார். 1999 ஆம் ஆண்டுக் கார்கில் போரில் வீழ்த்தப்பட்டுப் பாக்கித்தானில் சிறைப்படும் அவர் தப்பிச் செல்வதும், சிறிநகரில் கழிந்த முற்காலக் காதலும் கதையாக அமைந்துள்ளன. ஆடை வடிவமைப்பை ஏகா லக்கானி மேற்கொண்டார். உதகமண்டலம், லடாக், செர்பியா முதலிய இடங்களில் படப்பிடிப்பு நடைபெற்றது.

தாரை வானூர்திகளின் காலத்தில் நிகழும் இத்தகைய கதைகளில் தோல் மேலங்கியின் இடத்தை ஒற்றைத் துணியாலான பறப்பு உடையும் ஈர்ப்புவிசை எதிர்ப்பு உடையும் பெறுகின்றன. பின்னது வயிற்றையும் கால்களையும் காற்றுப் பைகளால் அழுத்தி, கூர்மையான திருப்பங்களின்போது குருதி தலையிலிருந்து கீழே இறங்கி வானோடி மயங்காதவாறு காக்கிறது. அறை வெப்பமும் காற்றழுத்தமும் பேணப்படுவதால் தடித்த தோலாடை தேவைப்படுவதில்லை.

பிற இந்தியத் திரைப்படங்கள்

இந்தித் திரைப்படங்களுள் இந்துத்தான் கி கசம் (1973) 1971 ஆம் ஆண்டுப் போரில் வான்படையின் பங்கைப் பற்றியது. கோவிந்த் நிகலானி இயக்கிய விசேதா (1982) இந்திய வான்படையின் ஒத்துழைப்புடன் உண்மையான மிக்-21 வானூர்திகளைக் கொண்டு படமாக்கப்பட்டது. இவ்வாறான ஒத்துழைப்புக் கிடைக்கும்போது உடை, சின்னம், தலைக்கவசம் முதலியன படையினரிடமிருந்தே நேரடியாக அறியப்படுவதால் பிழைகள் குறைகின்றன. பைட்டர் (2024), இசுகை போர்சு (2025) ஆகியன அண்மைக்காலப் படங்கள்.

சட்டமும் சர்ச்சைகளும்

இந்தியாவில் படைவீரர் அல்லாத ஒருவர், தம்மைப் படைவீரர் எனப் பிறர் நம்ப வேண்டும் என்னும் எண்ணத்துடன் படைவீரரின் உடையை ஒத்த உடையை அணிவது குற்றமாகும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 140 ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்கிதாவின் 168 ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. நடிப்புக்காக அணிவதில் ஏமாற்றும் எண்ணம் இல்லை. எனினும் உடையை அணியும் முறை கண்டனத்துக்கு உள்ளாவதுண்டு.

2020 திசம்பரில் ஏகே வெர்சசு ஏகே என்னும் படத்தின் முன்னோட்டத்தில் நடிகர் அனில் கபூர் வான்படைச் சீருடையில் தோன்றினார். சீருடை தவறாக அணியப்பட்டுள்ளது என்றும், பேசப்படும் மொழி பொருத்தமற்றது என்றும் இந்திய வான்படை வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது. அனில் கபூர் வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு சூலையில், தரைப்படையைக் கருப்பொருளாகக் கொண்ட படங்களுக்கும் தொடர்களுக்கும் வெளியீட்டுக்கு முன் தடையின்மைச் சான்று பெற அறிவுறுத்துமாறு பாதுகாப்பு அமைச்சகம் தணிக்கை வாரியத்தைக் கேட்டுக்கொண்டது.

மேலங்கியின் சின்னம் பன்னாட்டு அரசியலிலும் இடம்பெற்றுள்ளது. டாப் கன் (1986) படத்தில் டாம் குரூசு அணிந்த ஜி-1 மேலங்கியின் முதுகில் கடற்பயணம் ஒன்றைக் குறிக்கும் பெரிய சின்னம் இருந்தது. சப்பான், சீனக் குடியரசு (தாய்வான்) ஆகியவற்றின் கொடிகளும் அதில் இருந்தன. 2019 இல் வெளியான அடுத்த பாகத்தின் முன்னோட்டத்தில் அவ்விரு கொடிகளும் மாற்றப்பட்டிருந்தன. சீனச் சந்தையைக் கருதியே இவ்வாறு செய்யப்பட்டது என விமர்சனம் எழுந்தது. 2022 இல் படம் திரைக்கு வந்தபோது கொடிகள் மீண்டும் இடம்பெற்றிருந்தன. உள்ளங்கை அளவுள்ள துணித்துண்டுகளும் பார்வையாளர்களால் கூர்ந்து நோக்கப்படுகின்றன என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

பொது வழக்கில்

திரைப்படங்களின் வழியாக வானோடி மேலங்கி பொதுமக்களின் உடையாகவும் பரவியது. ஐக்கிய அமெரிக்க வான்படை 1988 ஆம் ஆண்டில் ஏ-2 மேலங்கியை வெள்ளாட்டுத் தோலில் மீண்டும் வழங்கத் தொடங்கியது. போர்க்கால மூல ஆடைகள் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் பேணப்படுகின்றன. அவை நடிகர்களின் உடலில் அணியப்படுவது குறைந்துவிட்டபோதிலும், ஆடை வடிவமைப்பாளர்கள் அளவெடுக்கவும் ஒப்புநோக்கவும் இன்றும் அவற்றையே நாடுகின்றனர்.